கைத்தொலைபேசி கைவிடும் இடம்: பூன் லேயில் படத்தொழில் தேடுவோருக்கு

“எனக்குப் படம் எடுக்கத் தெரியும், நல்ல கேமராவும் இருக்கிறது. இதை வைத்து என்ன தொழில் செய்யலாம்?” பெரும்பாலோர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கேள்வி தலைகீழாக நிற்கிறது. கேமரா இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. பிறந்தநாள், கோப்பிக் கடைச் சாப்பாடு, மெர்லயன் முன்னால் நிற்கும் விருந்தாளி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. கடவுச்சீட்டுக்குக் கொடுக்கும் 35 மில்லிமீட்டருக்கு 45 மில்லிமீட்டர் படத்தைக்கூட வீட்டு வெள்ளைச் சுவர் முன்னால் நின்று எடுத்து, அளவு வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். நேற்றுவரை கடை வாடகையைக் கட்டிக்கொடுத்த வேலை அது.

எனவே கேள்வியை இப்படித் திருப்புங்கள்: கைத்தொலைபேசி எங்கே தோற்கிறது? அங்கே தோற்பதால் யாருக்குக் காசு நட்டம், யாருக்கு மனக்குறை? பதில் கிடைக்கும் இடத்தில்தான் உங்கள் நுட்பத்துக்கு விலை உண்டு. தெருவில் கண்ணைத் திறந்துவைத்தால் அந்த ஆளை அடையாளம் காணலாம். ஒரே பொருளை மூன்று முறை படம் எடுப்பார், மூன்றையும் அழிப்பார், கையால் வெளிச்சத்தை மறைத்துப் பார்ப்பார், கடைசியில் “சரி, இது போதும்” என்று சுமாரான ஒன்றை அனுப்பிவைப்பார். அந்தச் ‘சரி, இது போதும்’ காதில் விழுந்த இடத்தைக் குறித்துவையுங்கள்.

இந்த அத்தியாயத்துக்குச் சிங்கப்பூரின் மேற்கிலுள்ள பூன் லேயை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சியூ பூன் லே என்ற வணிகரின் பெயரைத் தாங்கிய இந்த வட்டாரத்துக்கு 1990இல் பெருவிரைவு ரயில் வந்தது. 2009இல் ஜூ கூன் வரை தண்டவாளம் நீளும்வரை மேற்கே கடைசி நிலையம் இதுதான். நிலையத்தை ஒட்டி ஜூரோங் பாயிண்ட் கடைத்தொகுதி. சற்றுத் தள்ளி பூன் லே பிளேஸ் சந்தையும் உணவங்காடியும். சுற்றிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள். அதற்கப்பால் ஜூ கூன், துவாஸ் வரை தொழிற்சாலைகளும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளும். ஞாயிறு மாலை நிலையத்தருகே நின்றால் புதுக்கோட்டைத் தமிழ், தஞ்சாவூர்த் தமிழ், வங்காளம், ஹொக்கியன் எல்லாம் ஒன்றாகக் காதில் விழும். மரினா பேயில் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே தேவை அதிகம், தேடி வருபவர் குறைவு.

முன்னோடிகள் விற்றது எது

படத்தில் எதை, யாருக்கு விற்பது என்ற கணக்கைச் சிங்கப்பூரில் முதலில் சரியாகப் போட்டவர்களில் ஒருவர் ஜி.ஆர். லாம்பர்ட். 1867இல் கடை திறந்தார். பின்னாளில் அலெக்சாண்டர் கோக்கின் பொறுப்பில் அந்நிறுவனம் தென்கிழக்காசியாவின் பெரிய புகைப்பட நிறுவனங்களில் ஒன்றாயிற்று. ஆளை உட்காரவைத்து உருவப்படம் எடுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. துறைமுகம், தெரு, தோட்டம், கோயில் என்று காட்சிகளை எடுத்துச் சேமித்துவைத்தார்கள். 1908 வாக்கில் சுமார் 3,000 காட்சிகள் கையிருப்பில் இருந்தன. கப்பலில் வந்து இறங்கும் பயணி ஆல்பமாகவும் அஞ்சலட்டையாகவும் வாங்கிப்போனார். ஒரே கண்ணாடித் தகட்டிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். ஒருமுறை உழைத்துப் பலமுறை காசு பார்க்கும் வழி அது. (அந்த ஆல்பங்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். பெயர் இல்லாமல், ‘இன்ன இனத்தார்’ என்ற குறிப்போடு. வாங்கியவர் யார் என்பது அதிலேயே தெரிகிறது.)

ஹில் ஸ்திரீட்டில் லீ பிரதர்ஸ் ஸ்டூடியோ போன வழி வேறு. 1910களிலும் 20களிலும் சிங்கப்பூர்க் குடும்பங்களே அவர்களுடைய வாடிக்கையாளர்கள். பயணி ஒருமுறைதான் வருவார். குடும்பமோ கல்யாணத்துக்கு வரும், குழந்தை பிறந்தால் வரும், தாத்தாவின் எண்பதாவது வயதுக்கு வரும். அவர்கள் கூடுதலாக அச்சிட்டுவைத்த ஆயிரக்கணக்கான படங்கள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. லாம்பர்ட் விற்றது ஊரை. லீ சகோதரர்கள் விற்றது உறவை. பூன் லேயில் யோசிக்கும்போது இரண்டாவது வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. ஊரின் படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இல்லாதவரைச் சேர்க்கும் படம்

ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஓர் இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தால், பத்து நிமிடத்தில் ஊர்ப் படங்களைக் காட்டுவார். தங்கை கல்யாணம், அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சு, பாட்டியைச் சுற்றிப் பேரன் பேத்திகள். எல்லாவற்றிலும் ஓர் ஆள் குறையும். “அண்ணே, தங்கச்சி கல்யாண போட்டோவுல நான் இல்ல. சேத்துத் தர முடியுமா?” என்ற கேள்வி தானாக வரும்.

இது புதிய ஆசையல்ல. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் வெளிநாடு போன கணவரை மனைவிக்குப் பக்கத்தில் சேர்த்து அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இறந்துபோன தகப்பனாரை மகன் கல்யாணப் படத்தில் நிற்கவைத்திருக்கிறார்கள். இருட்டறையில் இரண்டு நெகட்டிவ்களை ஒரே தாளில் இறக்கி, சேர்ந்த இடத்தைத் தூரிகையால் மறைத்த வேலை. இன்று கணினியில் செய்கிறோம். ஆனால் சேர்ப்பது சுலபம், நம்பவைப்பதுதான் கடினம் என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

செய்முறையில் முதல் பாடம் வரிசை. பூன் லேயில் இருப்பவரை முதலில் எடுக்காதீர்கள். ஊர்ப் படம் முதலில் வரட்டும், அதற்கேற்ப இவரை எடுங்கள். ஊரில் படம் எடுக்கப்போகிறவரிடம் தொலைபேசியில் நீங்களே பேசுவது நல்லது. “அம்மா, எல்லாரும் வாசல்ல நிழல்ல நில்லுங்க. வெயில்ல வேணாம். தம்பி நிக்கிற எடத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு படம் எடுங்க. அப்புறம் நாற்காலிய எடுத்துட்டு, யாரும் நகராம இன்னொண்ணு.” அந்த நாற்காலி உங்களுக்கு மூன்று செய்தி சொல்லும். அதன் நிழல், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் காட்டும். அதன் உயரத்தை வைத்து ஆளின் உயரத்தைக் கணக்கிடலாம். வெள்ளை நாற்காலியாக இருந்தால் அன்றைய வெளிச்சம் மஞ்சளா நீலமா என்பதும் தெரிந்துவிடும்.

கேமரா நெஞ்சு உயரத்தில், சுமார் மூன்று மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று சொல்லுங்கள். அகலக்கோண வில்லையைத் தொடவேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதில் ஓரத்தில் நிற்பவரின் உடம்பு இழுபட்டுவிடும். இங்கே நீங்களும் அதே உயரம், அதே தூரம். புளோக்கின் கீழ்த்தள வெற்றிடம் இதற்கு வசதி. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வருவதால் ஆளை இப்படியும் அப்படியும் திருப்பி ஊர்ப் படத்தோடு பொருத்தலாம். இரண்டு படங்களிலும் மூக்கின் நிழல் ஒரே பக்கம் விழுந்தால் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதி கால். தரையில் கால் படும் இடத்து நிழலை வரைவதில்தான் தேர்ந்த கையும் மாட்டிக்கொள்ளும். அதனால் நாற்காலியில் அமர்ந்த பாட்டிக்குப் பின்னால் அவரை நிறுத்துங்கள், கால் தெரியாது.

இதையெல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலி நொடியில் செய்துதருமே என்பீர்கள். தருகிறது, வருடத்துக்கு வருடம் நன்றாகவே தருகிறது. ஆனால் முகத்தைப் புதிதாக வரைந்துவிடும் பழக்கம் அதற்கு உண்டு. பல்வரிசை நேராகும், நெற்றித் தழும்பு காணாமல்போகும். பெற்றவள் பார்த்துவிட்டு “இது எம்புள்ள மூஞ்சி இல்லியே” என்பாள். உண்மையான முகத்தைத் தொடாமல் வைப்பதுதான் இங்கே உங்கள் சரக்கு. அந்த வித்தியாசம் எத்தனை காலம் நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆகவே இதற்காகக் கடன் வாங்கிக் கருவி வாங்காதீர்கள்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். எடுத்துக்காட்டாக, பேசுவதற்கு 20 நிமிடம், எடுக்க 10, சேர்க்க 50, அச்சிட்டுக் கொடுக்க 10 என்று வைத்தால் ஒரு படத்துக்கு ஒன்றரை மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 25 வெள்ளி என்றால் 37 வெள்ளி 50 காசு, அச்சுச் செலவு தனி. கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவருக்கு இது சின்னத் தொகையல்ல. ஆகவே இதை முழுநேரப் பிழைப்பாக நினைக்கவேண்டாம். சம்பளம் வந்த அடுத்த ஞாயிறும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களும் போதும். ஊரில் பெற்றோர் இருக்க இங்கே குடியிருக்கும் குடும்பங்கள் முழுவிலை கொடுப்பார்கள். அவர்களிடம் வாங்குவதை வைத்து ஊழியருக்கு விலையைக் குறைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. விசா, திருமணப் பதிவு, சொத்து விவகாரம் எதற்காவது சான்றாகக் காட்டச் சேர்த்துக்கொடுக்கச் சொன்னால், எவ்வளவு தந்தாலும் மறுத்துவிடுங்கள். கூடத்துச் சுவரில் மாட்டவேண்டிய படம் அலுவலகக் கோப்புக்குள் போனால் மோசடியாகிவிடும்.

எவர்சில்வர் தம்ளரில் தெரியும் வருமானம்

இந்த வட்டாரத்தில் நல்ல காசு இருப்பது தொழிற்பேட்டைப் பக்கம். ஜூரோங்கைத் தொழில்நகராக்கும் வேலை 1961இல் தொடங்கியது. அன்றிலிருந்து இங்கே இரும்பு கடையப்படுகிறது, அச்சு வார்க்கப்படுகிறது, வால்வும் போல்ட்டும் தயாராகின்றன. பெரிய பன்னாட்டு நிறுவனங்களை விட்டுவிடுங்கள். அவர்களுக்குத் தனி விளம்பரக் குழு இருக்கும். பத்து, இருபது பேர் வேலை செய்யும் பட்டறைகளின் இணையத்தளங்களைத் திறந்து பாருங்கள். நுண்ணிய அளவுக்குக் கடைந்த பாகத்தை மேசைமேல் வைத்துக் கைத்தொலைபேசியில் எடுத்திருப்பார்கள். படம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும், பாகத்தின் பளபளப்பில் எடுத்தவரின் சட்டை தெரியும். பாகத்தின் விலை சில நூறு வெள்ளி, படத்தின் மதிப்பு பூஜ்யம். இணையத்தில் மட்டும் பார்த்து விலைகேட்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர் அந்தப் படத்தை வைத்துத்தான் பட்டறையை எடைபோடுகிறார்.

பயிற்சிக்குத் தொழிற்சாலைக்குப் போகவேண்டாம். அடுக்களையிலிருந்து ஓர் எவர்சில்வர் தம்ளரை எடுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் சன்னல் தெரியும், மின்விசிறி தெரியும், நீங்களும் நீண்டு தெரிவீர்கள். உலோகத்துக்கென்று சொந்தத் தோற்றம் குறைவு. எதிரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். எனவே உலோகத்துக்கு விளக்குப் போடாதீர்கள், உலோகம் பார்க்கும் சுவருக்குப் போடுங்கள். படிவரையும் தாளை உருளையாகச் சுருட்டித் தம்ளரைச் சுற்றி நிறுத்தி, வெளியிலிருந்து இரண்டு விளக்கு வைத்து, ஓட்டை வழியாக எடுங்கள். சன்னலும் விசிறியும் மறைந்துவிடும். கூடவே தம்ளரின் ஓரமும் வெள்ளைப் பின்னணியில் கரைந்துவிடும். இப்போது விரல் அகலத்தில் இரண்டு கறுப்பு அட்டைத் துண்டுகளை உருளைக்கு உள்ளே, படத்தில் தெரியாதபடி இரு பக்கமும் நிறுத்துங்கள். தம்ளரின் விளிம்பில் பேனாவால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு எழும். அட்டையைச் சிறிது நகர்த்த நகர்த்தக் கோடு தடிக்கும், மெலியும். இந்தக் கோட்டுக்குத்தான் பட்டறை முதலாளி காசு கொடுப்பார்.

சிறிய பாகங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அருகில் போகப்போகக் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுருங்கிக்கொண்டே வரும். திருகின் முனை தெளிவாக இருந்தால் தலை மங்கும். துவாரத்தை எஃப்/22 வரை சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் ஒளி விளிம்பில் வளைந்து முழுப்படமும் மழுங்கிவிடும். எஃப்/8 அளவில் நிறுத்தி, குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்தி இருபது முப்பது படங்கள் எடுத்து, ஹெலிகன் ஃபோகஸ் போன்ற மென்பொருளில் அடுக்கிச் சேர்க்கவேண்டும். பொறுமைதான் முதலீடு. முக்காலியும் குளோஸப் வில்லையும் இருந்தால் போதும், பழைய கேமராவே ஈடுகொடுக்கும்.

யாரிடம் போய்க் கேட்பது? உங்கள் புளோக்கின் மின்தூக்கியில் தினமும் காலையில் பாதுகாப்புக் காலணியோடு நிற்கும் அண்ணனிடம். ஜூ கூனிலும் துவாசிலும் மேற்பார்வையாளராக, தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கும் தமிழர்கள் பூன் லேயிலும் அடுத்த நிலையமான பயனியரிலும் நிறையப் பேர். அவருடைய நிறுவனத்தின் மாதிரிப் பாகம் ஒன்றை அனுமதியோடு வாங்கி எடுத்து, அவர்களுடைய இணையத்தளப் படத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். விளக்கமே வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. பாகத்தின் வடிவமைப்பு பெரும்பாலும் பட்டறையின் வாடிக்கையாளருக்குச் சொந்தம். ஆசைப்பட்டு இன்ஸ்டகிராமில் போட்டால் வேலையும் போகும், வழக்கும் வரலாம். ஜூரோங் தீவு பாதுகாக்கப்பட்ட இடம், அனுமதியின்றி அங்கே கேமராவை எடுக்கவே கூடாது.

ஒட்டுற ஆல்பம்

வீவக வீடுகளின் அலமாரி மேல்தட்டில், சேலைகளுக்கு அடியில், 1970களிலும் 80களிலும் வாங்கிய ஆல்பங்கள் இருக்கின்றன. பிசின் தடவிய அட்டை, மேலே பிளாஸ்டிக் தாள். நாற்பது வருடத்தில் பிசின் இறுகிவிட்டது, நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பூத்துவிட்டது. கைத்தொலைபேசியில் எடுத்தால் பிளாஸ்டிக் பளிச்சிடும். அந்தக் காலத்துச் ‘சில்க்’ தாளில் அச்சிட்ட படமென்றால் ஸ்கேனரில் போட்டாலும் புள்ளிபுள்ளியாக மின்னும்.

இதற்குக் குறுக்கு முனைவாக்கம் என்ற முறை உண்டு. இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு. விளக்குகளின் முன்னால் ஒரே திசையில் முனைவாக்கத் தாள். வில்லையில் முனைவாக்க வடிகட்டி. வடிகட்டியைச் சுழற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பளபளப்பு அத்தனையும் அணைந்து, அடியிலுள்ள படம் மட்டும் அடர்ந்து தெரியும். வெளிச்சம் மிகவும் குறைவதால் முக்காலி கட்டாயம். (இதே முறையை முன்சொன்ன உலோகத்துக்குப் போடாதீர்கள். உலோகம் திருப்பியனுப்பும் ஒளியும் சேர்ந்து அணைந்து, பாகம் செத்த நிறத்தில் கிடக்கும்.) பிசினோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவேண்டாம். பல்லிடுக்கில் விடும் நூலை மெல்ல உள்ளே நுழைத்து அறுத்துப் பாருங்கள், வரவில்லையென்றால் அட்டையோடு அப்படியே எடுத்துவிடுங்கள்.

ஆனால் நகல் எடுப்பதில் மட்டும் நின்றால் நீங்கள் வெறும் நகல் கடை. மேசையில் பாட்டியை உட்காரவைத்து ஒவ்வொரு படத்துக்கும் “இவங்க யாரு, பாட்டி? எந்த வீடு?” என்று கேட்டுக் கோப்பிலேயே பெயரை எழுதிக்கொடுங்கள். பேரப்பிள்ளைகள் வாங்குவது அதைத்தான். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலிருந்த பழைய படங்களைத் தேடி மின்மயமாக்கியிருக்கிறது. அத்தகைய முயற்சிகளின் கண்ணுக்குச் சிங்கப்பூர் வீட்டு அலமாரி எட்டாது, உங்களுக்கு எட்டும். விலையைப் படத்துக்கு இவ்வளவு என்று சொல்லாமல் ஆல்பத்துக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். படக்கணக்குச் சொன்னால் வாடிக்கையாளர் ‘முக்கியமானது’ மட்டும் பொறுக்குவார். அப்படிப் பொறுக்கும்போது விட்டுப்போவதுதான் பெரும்பாலும் நல்ல படம்.

சிராங்கூன் சாலையில் அரை விநாடி

தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் விளக்கு ஏற்றிவிட்டால் மேற்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பும். பூன் லேயில் ஏறி ஊட்ரம் பார்க்கில் மாறினால் போதும். விளக்கை மட்டும் எடுக்க யாரும் உங்களை அழைக்கமாட்டார்கள், கைத்தொலைபேசியின் இரவு வசதி அதை நன்றாகவே எடுக்கிறது. முகமும் தெளிவாக வேண்டும், பின்னால் பேருந்து வெளிச்சக் கோடாக ஓடவும் வேண்டும் என்றால் தடுமாறுகிறது. கேமராவில் அரை விநாடி திறந்துவைத்து, திரை மூடும் தருணத்தில் மின்னொளி வெட்டும்படி அமையுங்கள். குடும்பம் உறைந்து நிற்கும், சாலை ஓடும். மின்னொளியின் மேல் ஆரஞ்சுத் தாள் ஒட்டினால் முகங்கள் விளக்கலங்காரத்தின் நிறத்தோடு சேர்ந்துவிடும், இல்லாவிட்டால் நீலம் பாய்ந்து தனியாகத் தெரியும். சனி, ஞாயிறில் நடைபாதையில் முக்காலி விரிக்க இடமிருக்காது, விரித்தால் வழியை அடைப்பீர்கள். திங்கள், செவ்வாயில், முன்பதிவு செய்த குடும்பங்களை அரை மணிக்கு ஒன்றாக வரச்சொல்லுங்கள். வானத்தில் கருநீலம் மிச்சமிருக்கும் முதல் கால் மணி நேரத்துக்குக் கூடுதல் விலை வைக்கலாம். வருடத்துக்குச் சில வாரம்தான் இந்த வேலை, ஆனால் அங்கே வந்த குடும்பம் மறுபடி கல்யாணத்துக்கு அழைக்கும்.

வெயிலை விற்கலாம்

படம் எடுத்துக் கொடுப்பது ஒரு தொழில், எடுக்கச் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. இதில் எனக்குப் பிடித்தது நீல அச்சு. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது, கேமராவே தேவையில்லை. இரும்பு உப்புகள் இரண்டைக் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் கருநீலமாகும், இலை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். நம்மிடம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வேப்பிலை, கறிவேப்பிலைக் கொத்து, ஒளிபுகும் தாளில் கறுப்பு மையில் போட்ட கோலம் எல்லாம் இதில் அழகாக விழும். பிள்ளைகள் கண்ணெதிரே கோலம் மேலெழும்போது தாய்மார்கள் அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிடுவார்கள்.

பள்ளி விடுமுறையில் சமூக மன்றங்கள் இத்தகைய வகுப்புகளைத் தேடுகின்றன. பூன் லே சமூக மன்றம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஆண்டு இறுதி விடுமுறை மழைக்காலம், வெயிலை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். புற ஊதாக்கதிர் விளக்குப் பெட்டி ஒன்று கைவசம் இருக்கட்டும். தீபாவளி வாழ்த்தட்டை வகுப்பை செப்டம்பரிலேயே வைத்துவிடுங்கள்.

நான் தொடமாட்டேன் என்பவை

உணவங்காடிச் சாப்பாட்டுப் படங்கள்: கடைக்காரருக்குத் தேவை உண்டு, கைத்தொலைபேசியே போதுமான அளவு செய்துவிடுகிறது, விலையும் தரமாட்டார். டிரோன்: 250 கிராமுக்கு மேல் எடையிருந்தால் பதிவு செய்யவேண்டும், வடக்கே தெங்கா விமானத் தளம் இருக்கிறது, அனுமதி விவகாரத்திலேயே வருமானம் கரையும். ஓர் இடத்தின் அழகை மட்டும் நம்பிய தொழிலும் வேண்டாம். 1971இல் திறந்த ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டு, பறவைகள் மண்டாய்க்குப் போய்விட்டன. ‘ஜூரோங்கில் பறவைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று அட்டை அடித்துவைத்திருப்பவர் அந்த அட்டையை என்ன செய்வார்?

தாளில் முடிக்கவேண்டியவை

வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர் இதைப் பக்கத்தொழிலாகச் செய்யக்கூடாது, நண்பருக்கு என்று சொல்லிக் காசு வாங்கினாலும் குற்றம்தான். சார்ந்திருப்போர் அட்டையில் இருப்பவர்கள் தொடங்குமுன் மனிதவள அமைச்சின் விதிகளைப் படிக்கவேண்டும், 2021க்குப் பிறகு அவை இறுகிவிட்டன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அடையாள அட்டையிலுள்ள தங்கள் முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் பதிவு தேவையில்லை. ‘பூன் லே போட்டோஸ்’ என்று பெயர் வைத்தால் தொழில் பதிவைக் கவனிக்கும் அக்ராவில் பதிய வேண்டும். தனியுரிமைத் தொழிலுக்குப் பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100. நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக்குப் பணம் கட்டவேண்டும். வீவக வீட்டில் உட்கார்ந்து படங்களைத் திருத்தலாம். பெயர்ப்பலகை மாட்டுவதற்கு இடமில்லை. ஸ்டூடியோவாக்கி ஆட்களை வரவழைக்கும் எண்ணமிருந்தால் முதலில் வீவகவிடம் கேளுங்கள்.

பதிப்புரிமையில் காற்று உங்கள் பக்கம் வீசுகிறது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச்சொன்ன படத்துக்கும் எடுத்தவரே முதல் உரிமையாளர். முன்பு நேர்மாறாக இருந்தது. இது தெரியாத முதலாளி பின்னால் சண்டைக்கு வருவார், ஆகவே முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆளை அடையாளம் காட்டும் படம் தனிநபர் தகவல் என்பதால், விளம்பரத்துக்குப் போடுமுன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஊழியர்களிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். சேர்த்த படம் முகநூலில் வந்து ஊரில் வம்பானவர்கள் உண்டு.

பட்டறைக்கு அனுப்பும் முதல் விலைப்புள்ளி ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். எத்தனை பாகம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கோணம், பின்னணி வெள்ளையா கறுப்பா, பாகத்தைத் துடைத்துக் கொடுப்பது யார் (விரல் ரேகை படிந்த எஃகைத் திருத்துவதற்குள் இரவு போய்விடும்), எடுப்பது அவர்கள் இடத்திலா உங்கள் இடத்திலா, படத்தை அவர்கள் எங்கெல்லாம் எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம், திருத்தம் எத்தனை முறை இலவசம், முன்பணம் எவ்வளவு, மிச்சம் எத்தனை நாளில் என்று எழுதுங்கள். கீழே, அவர்களுடைய பழைய படத்தையும் நீங்கள் எடுத்த மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்புங்கள். திங்கட்கிழமை அனுப்பினால் வாரக்கூட்டத்தின் அடியில் போய்விடும்.